மாத்திரை போய்ச் சேரும் வழி



இருபது ஆண்டுகளுக்கும் முன்பு தமிழ்நாட்டின் சுவர்களிலும் பேருந்துகளிலும் ஒரு கேள்வி ஒட்டப்பட்டிருந்தது. புள்ளிராஜா என்ற கற்பனை ஆளை வைத்து, புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டது அந்த விழிப்புணர்வு விளம்பரம். அன்று நடுத்தர வயதில் இருந்த எவரும் அதை மறந்திருக்க முடியாது. வருமா, வராதா என்று ஊரே பேசியது. தொற்றைத் தடுக்க வேண்டிய காலத்தில் அப்படிக் கேட்டது சரிதான். ஆனால் வந்த பிறகு என்ன என்பதை எந்தச் சுவரும் கேட்கவில்லை. இன்று இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்க வைத்து, நம் தெருவில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து இருக்கிறது, அதை அரசு இலவசமாகத் தருகிறது. அந்த மருந்தை முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒருவர் தடையில்லாமல் சாப்பிட்டு வருவதற்கு ஏற்ற வீடும் தெருவும் ஊரும் இருக்கின்றனவா என்பதே இன்றைய கேள்வி. மாத்திரை உடலுக்குள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. அது உடலுக்குள் போய்ச் சேரும் வழி ஊருக்குள் ஓடுகிறது. அந்த வழியைச் சீராக்குவது மருத்துவத் துறையின் வேலை மட்டுமன்று, நம் எல்லாருடைய வேலையும்கூட. இந்தச் சொற்பொழிவில் நான் நிறுவ முயல்வது இதைத்தான்.

முதலில் நாம் எங்கிருந்து வந்தோம் என்று பார்ப்போம். இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இரத்த மாதிரிகள் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவுக்கு இந்த நோய் வராது என்று பலர் நம்பியிருந்த நாள் அது. அந்த மாதிரிகள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பது முக்கியமானது. பாலியல் தொழிலுக்காகக் கைது செய்யப்பட்டுக் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தம் அது. இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் முதல் செய்தி பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. நோயின் பெயரோடு ஒழுக்கம், குற்றம், தண்டனை என்ற மூன்று சொற்களும் முதல் நாளே ஒட்டிக்கொண்டன. சாதாரண நுண்ணோக்கிக்கும் எட்டாத ஒரு வைரஸுக்கு ஒழுக்கம் தெரியாது. ஆனால் ஊருக்கு அப்படித்தான் அறிமுகம் ஆயிற்று. முதல் அறிமுகம் எளிதில் அழிவதில்லை. சுனிதி சாலமன் அந்த மாதிரிகளோடு நின்றுவிடவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கி, 2015இல் மறையும் வரை இந்த மக்களுக்கு மருத்துவம் பார்த்தார். வேறு கதவுகள் மூடியிருந்தபோது அவருடைய கதவும் தாம்பரம் சானடோரியத்தின் கதவும் திறந்திருந்தன. 1928இல் காசநோய்க்காக எழுந்த தாம்பரம் மருத்துவமனை, 1990களில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தென்னிந்தியாவின் கடைசிப் புகலிடமாக இருந்தது.

கடைசிப் புகலிடம் என்று சொல்லக் காரணம் உண்டு. அன்று மருந்து எட்டவில்லை. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸை அடக்கலாம் என்பது 1996இல் உலகுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஓராண்டுச் செலவு பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் இந்திய நிறுவனமான சிப்லா, அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. உலகின் ஏழை நாடுகளுக்கெல்லாம் சிகிச்சை என்பது கைக்கெட்டும் பேச்சாக மாறியது அந்த அறிவிப்புக்குப் பிறகுதான். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு, ஏ.ஆர்.டி. எனப்படும் இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் இயங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதன் பின் மாவட்டந்தோறும் ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தன. நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியிலும் வந்தது. இரத்தப் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் வந்தன. இந்த நாற்பது ஆண்டுக் கதையில் தமிழ்நாட்டுப் பொது மருத்துவத் துறை பெருமைப்படக் காரணம் நிறைய உண்டு. அதைச் சொல்லாமல் குறைகளை மட்டும் பேசுவது நியாயமாகாது.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று சற்று நெருங்கிப் பார்ப்போம். உழவர்கள் நிறைந்த அவை இது, கோரையை எல்லாரும் அறிவீர்கள். மேலே முளைத்ததை அறுத்து எறியலாம். மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும் வரை ஈரம் கண்டவுடன் மறுபடி தலை நீட்டும். எச்.ஐ.வி. வைரஸ் நம் உடலின் சிடி4 என்னும் காவல் அணுக்களுக்குள் நுழைந்து, அவற்றின் மரபுச் சரட்டிலேயே தன்னைக் கோத்துக்கொள்கிறது. அப்படிக் கோத்துக்கொண்ட அணுக்களில் சில, ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். மாத்திரை, இரத்தத்தில் பெருகும் வைரஸை முளையிலேயே மடக்குகிறது. உறங்கும் அணுவை அது தொடுவதில்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பி வரும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் இன்னொரு கேடும் உண்டு. அரைகுறை மருந்துக்கு நடுவே பெருகும் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது. தினமும், விடாமல், வாழ்நாள் முழுவதும் என்ற மூன்று நிபந்தனைகளும் இங்கிருந்துதான் வருகின்றன. இவை மருத்துவரின் பிடிவாதத்தால் வந்தவை என்று யாரும் எண்ண வேண்டாம், வைரஸின் இயல்பு அது.

மருந்தும் வளர்ந்திருக்கிறது. திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்து உயிரைக் காத்தது, ஆனால் கால் எரிச்சலைத் தந்தது, கன்னக் கொழுப்பைக் கரைத்தது. நோய் மறைந்தாலும் ஒட்டிய கன்னம் காட்டிக்கொடுத்தது. அந்த மருந்து விலக்கப்பட்டுவிட்டது. இன்று டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில் அடங்கி, நாளுக்கு ஒன்று என்று வந்திருக்கிறது. முன்பு சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கிய பிறகுதான் மாத்திரை தொடங்கினார்கள். 2017 முதல், தொற்று உறுதியான எல்லாருக்கும் உடனே மருந்து என்பது தேசியக் கொள்கை. இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையும் 2018 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

இதனால் விளைந்தது என்ன? உடல் வலுவிழப்பதற்கு முன் மருந்தைத் தொடங்கி ஒழுங்காகச் சாப்பிடுகிறவர், தொற்று இல்லாதவரோடு ஏறத்தாழச் சமமான ஆயுளை எதிர்பார்க்கலாம். ஐரோப்பிய, வட அமெரிக்க நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, 2008க்குப் பின் இருபது வயதில் சிகிச்சை தொடங்கி, முதல் ஆண்டில் வைரஸ் நன்கு அடங்கியவர் எழுபத்தெட்டு வயது வரை வாழலாம். அடுத்தது இன்னும் பெரிய செய்தி. சென்னை, புனே உட்பட ஒன்பது நாடுகளின் நகரங்களில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 இணையர்களிடம் நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் துணைக்குத் தொற்று பரவுவது 96 விழுக்காடு குறைவதாக 2011இல் காட்டியது. பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வில், வைரஸ் அடங்கியவர்களும் அவர்களுடைய துணைகளும் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு கொண்ட பின்னும் அவர்களிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவவில்லை என்று 2016இல் தெரிந்தது. பரிசோதனையில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவால் தொற்று பரவாது என்பதை உலக சுகாதார நிறுவனமும் உறுதி செய்துவிட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவதும் அப்படியே. எந்த மருத்துவமும் இல்லாவிட்டால் நூற்றுக்குப் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பிள்ளைகளுக்குத் தொற்று வரும். தாய் மருந்தில் இருந்து, குழந்தைக்கும் உரிய மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒருவர் விழுங்கும் மாத்திரை அவரை மட்டும் காக்கவில்லை. அவர் மனைவியை, கணவரை, பிறக்கப்போகும் பிள்ளையைக் காக்கிறது. அதை அவர் விழுங்குவதற்கு உதவுவது ஊர் தனக்கே செய்துகொள்ளும் நன்மை.

இவ்வளவு இருந்தும் மருந்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனைக்கே வராதவர்கள் இருக்கிறார்கள், உடல் கரைந்த பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன்? ஏ.ஆர்.டி. மையத்தில் தரும் அந்த மாத்திரை டப்பாவைப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, முப்பது மாத்திரை, மேலே மருந்தின் பெயர் அச்சிட்ட சீட்டு. வீட்டுக்குப் போவதற்குள் பலர் செய்யும் முதல் வேலை அந்தச் சீட்டைக் கிழிப்பது. பேருந்தில் டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும், அதற்காக உள்ளே பஞ்சு வைப்பவர்கள் உண்டு. மாத்திரைகளை வைட்டமின் டப்பாவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. மருமகள் பார்த்துவிடக் கூடாதென்று அரிசிப் பானையில் புதைப்பவர்கள் உண்டு. திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்து நான்கு நாள் தங்கினால் அந்த நான்கு நாளும் மாத்திரை எடுக்க வழி இருக்காது. கொத்தனார் வேலைக்கோ ஜவுளிக் கடை வேலைக்கோ வெளியூர் போய் ஒரே அறையில் எட்டுப் பேரோடு படுப்பவருக்கு டப்பாவை வைக்க இடம் இருக்காது. மருந்து நின்றுபோவது இப்படித்தான் தொடங்குகிறது. மறதியோ சோம்பலோ அறியாமையோ இதற்கு முதற்காரணம் என்று நினைத்து அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தால் நாம் தவறான இடத்தில் மருந்து தடவுகிறோம். மறைக்க வேண்டியிருப்பதுதான் மருந்தை நிறுத்துகிறது.

மறைப்பும் மௌனமும் எவ்வளவு தூரம் கொல்லும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகைக்காகச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. நாடே அதிர்ந்தது. அந்த இரத்தத்தைத் தானம் செய்தவர் பத்தொன்பது வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும், என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று தாமாகவே ஓடிவந்து சொன்னவர் அவர். அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். 2016இலேயே அவர் தானம் செய்த இரத்தத்தில் தொற்று காணப்பட்டும் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை என்பதும் அப்போது வெளியானது. அந்த இளைஞர் குற்றவுணர்வு தாங்காமல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். அதே மருத்துவமனையில் சில வாரங்களில், 2019 ஜனவரியில், அந்தத் தாய்க்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் மருந்து கொடுத்தார்கள். பரிசோதனையில் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தத் தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இந்த வழக்கை இரத்த வங்கியின் பிழையாக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதில் இரண்டு பாடங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. குழந்தையைக் காத்தது மருந்து. அந்த மருந்து அந்த இளைஞருக்கும் அதே கட்டடத்தில் காத்திருந்தது. 2016இலேயே யாராவது அவரை உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், அவர் மாத்திரை தொடங்கி இன்று வேலையில் இருந்திருப்பார். அந்தத் தாய்க்கும் தொற்று வந்திருக்காது. தெரிந்த பிறகாவது, இது வாழ்ந்து கடக்கக் கூடிய நோய்தான் என்று ஊர் அவருக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கக் கூடும். அவர் தானாக வந்து உண்மையைச் சொன்னார். அந்த நேர்மையைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு நம் ஊர்களுக்கு இருக்கவில்லை.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு இது: நோயைச் சுகர், பிரஷர் போலச் சாதாரணமாக்கிப் பேசினால் பயம் போய்விடும், பயம் போனால் தொற்று பெருகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் தொற்று குறைந்தது உண்மை. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயதுள்ள பெண்களிடையே 2000இல் 1.7 விழுக்காடாக இருந்த தொற்று, 2004இல் 1.1 விழுக்காடாகக் குறைந்ததாக 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அந்தக் குறைவுக்கு எச்சரிக்கைச் சுவரொட்டிகளின் மண்டை ஓட்டுப் படங்கள் காரணம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. பாலியல் தொழிலாளிகளும் அவர்களிடம் போகும் ஆண்களும் ஆணுறை பயன்படுத்தத் தொடங்கியதையே ஆய்வாளர்கள் சுட்டினார்கள். கையில் கிடைத்த பொருளும், அதைப் பயன்படுத்தச் சொன்ன சக மனிதர்களும் செய்த வேலை அது. பயம் செய்த வேலை வேறு. அது ஆளைப் பரிசோதனையிலிருந்து விரட்டியது. பரிசோதிக்காதவர் மருந்தில் இல்லை, மருந்தில் இல்லாதவரிடமிருந்துதான் தொற்று பரவுகிறது. ஆகவே தொற்றைக் குறைக்க விரும்புகிறவர் பயத்தைக் காக்கக் கூடாது, அதைக் கரைக்க வேண்டும்.

இரண்டாவது மறுப்பு மேடையில் வராது, திண்ணையில் வரும். அவரவர் செய்த வினைக்கு அரசு ஏன் வாழ்நாளெல்லாம் செலவு செய்ய வேண்டும்? கணவனைத் தவிர வேறெவரையும் அறியாத எத்தனையோ பெண்களுக்கு இந்தத் தொற்று திருமணத்தின் வழியே வந்திருக்கிறது. பிறக்கும்போதே தொற்றோடு பிறந்த பிள்ளைகள் என்ன வினை செய்தார்கள்? எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு அரசு 2009இல் ஓர் அறக்கட்டளையை நிறுவியது. அன்றைய பிள்ளைகள் இன்று இருபது வயதைக் கடந்து, வேலைக்கும் திருமணத்துக்கும் நிற்கிறார்கள். ஆனால் இந்தப் பதிலோடு நான் நிற்க விரும்பவில்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. குற்றமற்றவர், குற்றமுள்ளவர் என்று நோயாளிகளைப் பிரிக்க நாமே சம்மதித்துவிடுகிறோம். மாரடைப்பு வந்தவரிடம் பீடி குடித்தீரா என்று தெரிந்துகொண்டு சிகிச்சையை மறுக்கிற மருத்துவமனை உண்டா? குடித்துவிட்டு வண்டியில் விழுந்தவருக்கும் எலும்பைச் சேர்த்துக் கட்டுகிறோம். மருத்துவத்தின் வாசலில் ஒழுக்கச் சான்றிதழ் கேட்டால் அந்த வாசலைத் தாண்டக் கூடியவர் நம்மில் மிகச் சிலரே. பாலியல் தொழிலாளிக்கும், திருநங்கைக்கும், லாரி ஓட்டுநருக்கும், மனைவிக்கும், குழந்தைக்கும் ஒரே மாத்திரை ஒரே மதிப்போடு சேர வேண்டும். அதுவே அறம், தொற்றை நிறுத்தும் ஒரே வழியும் அதுதான்.

மூன்றாவது மறுப்பு மிக வலுவானது. அதைச் சொல்பவர்கள் தொற்றுள்ளவர்களேதான். ஊருக்குத் தெரிந்தால் எங்கள் வாழ்க்கை போயிற்று, பக்கத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை வேண்டாம், அங்கே நர்சு எங்கள் தெரு, லேப் டெக்னீஷியன் எங்கள் பங்காளி; எங்களை யாரும் தெரியாத ஊரில் வாங்கிக்கொள்கிறோம் என்கிறார்கள். பல மணி நேரம் பயணம் செய்து வேறு மாவட்டத்தில் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. இதை நாம் முழு மரியாதையோடு ஏற்க வேண்டும். யாரையும் வெளிப்படச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரது சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் அவரது நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு எதிலும் தொற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் புகார் கேட்கக் குறைதீர்ப்பாளர் வேண்டும் என்கிறது. ஆகவே மறைக்கிறவர் மறைக்கட்டும். என் வாதம் அவருடைய மௌனத்தைக் கலைக்கச் சொல்வதன்று. அந்த மௌனத்துக்கு அவர் கொடுக்கும் விலையை ஊர் குறைக்க வேண்டும் என்பதுதான்.

எப்படிக் குறைப்பது? இதற்கும் நம் மாநிலமே ஒரு முன்மாதிரி காட்டியிருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம் ஒரு துணிச்சலான ஆய்வு செய்தது. காசநோயாளிகளில் ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பிரிவினரைச் சொந்த வீட்டிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தது. வீட்டில் என்றால் நெருக்கமான, ஏழ்மையான வீடுகள். 1959இல் வந்த முடிவு உலகையே மாற்றியது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள், குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. நோயாளியை ஊரிலிருந்து பிரித்தால்தான் ஊர் பிழைக்கும் என்ற நெடுநாள் நம்பிக்கையைத் தமிழ்நாட்டுச் சான்று உடைத்தது. காற்றில் பரவும் காசநோய்க்கே அது உண்மை என்றால், தொட்டாலும், கூட உண்டாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் பரவாத எச்.ஐ.வி.க்கு எவ்வளவு அதிகமாக உண்மை!

இன்னொரு முன்மாதிரி அண்மையது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டு வருகிறது. நம் சோழவந்தானில் இருக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தொற்றாளரை எண்ணிப் பாருங்கள். அவருக்குச் சுகர் இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. அவற்றுக்கான மாத்திரை வாசலுக்கு வருகிறது. எச்.ஐ.வி. மாத்திரைக்கு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், ஒரு நாள் கூலி போகிறது, எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு ஒரு பொய்யும் தேவைப்படுகிறது. இதைச் சரிசெய்ய ஒரே அளவுச் சட்டை போதாது. பக்கத்தில் வேண்டும் என்பவருக்குப் பொது வெளிநோயாளர் பிரிவிலேயே, தனிப் பலகை இல்லாமல் கிடைக்கட்டும். தூரத்தில் வேண்டும் என்பவருக்குத் தூரத்தில் கிடைக்கட்டும். வைரஸ் நன்கு அடங்கியவர்களுக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பது கொரோனாக் காலத்தில் செய்துகாட்டிய ஒன்றுதான், அதை வழக்கமாக்கலாம். எங்கே, எப்படி என்ற தேர்வு நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

தொற்றோடு வாழ்பவர்களுக்கு வயதாகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. இந்த நோயோடு முதுமை அடையும் முதல் தலைமுறை இது. டெனோஃபோவிர் எடுப்பவருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் கவனிக்க வேண்டும். டொலுடெக்ராவிர் தொடங்கிய சிலருக்கு எடை கூடுகிறது. வைரஸ் அடங்கியிருந்தாலும் இதய நோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இந்தியா உட்படப் பன்னிரண்டு நாடுகளில் நடந்து 2023இல் முடிவு வெளியான ரிப்ரீவ் ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை கொடுத்தபோது பெரிய இதய நோய் நிகழ்வுகள் 35 விழுக்காடு குறைந்தன. ஏ.ஆர்.டி. மையம் ஒரு மூலை, இதய நோய்ப் பிரிவு ஒரு மூலை, மனநலப் பிரிவு ஒரு மூலை என்று இருந்தால், நோயாளி ஒவ்வொரு சன்னலிலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நெடுநாள் கவனிப்பு என்றால் மாத்திரை மட்டுமன்று. ஒரு முழு உடலையும் முழு வாழ்க்கையையும் ஒருவர் சேர்த்துப் பார்ப்பது அது.

அரசின் கடமையை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஊர் மாறினால் போதும் என்று சொல்லி அரசை விட்டுவிடுவது என் நோக்கமன்று. 2022இல் நாட்டின் பல இடங்களில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, தொற்றுள்ளவர்கள் தில்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. ஒரு நாள்கூட விடாதே என்று சொல்லும் மையத்திலேயே மருந்து இல்லை என்றால், ஒழுங்கைக் குலைப்பது நோயாளியல்லர். 2017ஆம் ஆண்டுச் சட்டமும் மருந்து வழங்குவதை இயன்ற அளவு என்ற சொல்லோடு கட்டிவிட்டது. அந்தச் சொல் நீங்கி, மருந்து பெறுவது தடையற்ற உரிமையாக வேண்டும்.

இனி நம் ஊரின் பங்கு. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் கொடிக்கால் வேலை இருக்கிறது. நெல் போல நட்டு, அறுத்து, மூன்று மாதம் வயலை மறந்துவிடும் வேலை அன்று அது. அகத்தியை வளர்த்து, அதில் கொடியை ஏற்றி, வளர வளர நாரால் கட்டி, ஓங்கியதை இறக்கிக் கட்டி, ஈரம் வற்றாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடிக்கு அகத்தி தேவைப்படுவதைக் கொடியின் பலவீனம் என்று எந்த விவசாயியும் சொன்னதில்லை. நாள்தோறும் நீளும் கவனிப்பு என்ன என்பதை இந்த மண் ஏற்கெனவே அறியும். அதை மனிதருக்கும் செய்யத்தான் கேட்கிறேன். பள்ளியில் தொற்றுள்ள பிள்ளை சேர்ந்தால் மற்றப் பெற்றோரை அழைத்துப் பேசும் தைரியம் தலைமையாசிரியருக்கு வேண்டும். விதவையான தொற்றாளரின் சொத்துப் பங்கை மாமியார் வீடு மறுத்தால் ஊர்ப் பெரியவர்கள் அவர் பக்கம் நிற்க வேண்டும். ஜெனகை மாரியம்மன் திருவிழாவின் அன்னதானப் பந்தியில் தொற்றுள்ளவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டில் வரன் பார்க்கும்போது, வேலைக்கு ஆள் எடுக்கும்போது, டீக்கடையில் பேச்சு வரும்போது, அவனுக்கு அதுவாம் என்ற ஒரு வரியை வாயிலேயே நிறுத்த வேண்டும். சந்தேகம் உள்ளவர் 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம், நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். போனவரை யாரும் பார்த்தால், பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இந்த ஊர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளக்க ஒரு சிறு அளவுகோல் சொல்லி முடிக்கிறேன். அந்த வெள்ளை டப்பா ஒரு நாள் சோழவந்தானில் ஏதோ ஒரு வீட்டில், சுகர் மாத்திரைக்கும் தைலப் புட்டிக்கும் நடுவே, அலமாரியின் மேல்தட்டில், எல்லாருக்கும் தெரியும்படி நிற்க வேண்டும். அதன் பெயர்ச் சீட்டு கிழிக்கப்படாமல் இருக்க வேண்டும். டப்பாவை அரசு கொடுத்துவிட்டது. சீட்டைக் கிழிக்கத் தேவையில்லாத வீட்டை நாம்தான் கொடுக்க வேண்டும்.